சீசன் தொடக்கத்துத் தடகள முடிவுகளும் சாம்பியன்ஷிப் தகுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்ததும் தடகளச் செய்திகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். ஒருவர் தேசிய சாதனை படைத்திருப்பார், இன்னொருவர் உலக சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றிருப்பார், மூன்றாமவர் நூலிழையில் தவறவிட்டிருப்பார். ஆறு மாதம் கழித்து பெரிய போட்டி நடக்கும்போது, அந்தப் பெயர்களில் பலவற்றைக் காணோமே என்று நண்பர்கள் கேட்பார்கள். அப்படி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் 2025-ஆம் ஆண்டிலிருந்து வருகின்றன. அந்த சீசன் இந்தியாவுக்குப் பிரமாதமாகத் தொடங்கியது. செப்டம்பர் 13 முதல் 21 வரை டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்போடு அதன் கதையும் முழுதாகத் தெரிந்துவிட்டது.

2025 தொடக்கத்தில் அப்படி என்ன நடந்தது?

பிப்ரவரியில் குல்வீர் சிங் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ளரங்கத்தில் 5,000 மீட்டரை 12 நிமிடம் 59.77 வினாடியில் ஓடினார். 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். மார்ச் கடைசியில் பெங்களூருவில் குரிந்தர்வீர் சிங் 100 மீட்டரை 10.20 வினாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். ஏப்ரலில் கொச்சியில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை என்ற தேசியப் போட்டியில் அனிமேஷ் குஜூர் 200 மீட்டரில் 20.40 வினாடி. அதே போட்டியில் நம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டி, 2023-இல் ஹவானாவில் தான் படைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார்.

மே 16 இரவு தோஹாவில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 90.23 மீட்டர் எறிந்தார். எத்தனை ஆண்டு காத்திருந்த 90 அது! அதே இரவில் பாருல் சௌத்ரி 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை (தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் ஓட்டம்) 9 நிமிடம் 13.39 வினாடியில் முடித்து தேசிய சாதனை படைத்தார். எல்லோரும் ஈட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாருலின் ஓட்டம் பேச்சில் அடிபடவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

‘தகுதி பெற்றார்’ என்றால் சரியாக என்ன பொருள்?

உலக சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதல் வழி, உலகத் தடகள அமைப்பு ஒவ்வொரு பிரிவுக்கும் வைக்கும் தகுதி இலக்கை எட்டுவது. டோக்கியோவுக்கு ஆண்கள் மும்முறைத் தாண்டுதலில் 17.22 மீட்டர், ஈட்டி எறிதலில் 85.50 மீட்டர், 100 மீட்டரில் 10.00 வினாடி, 5,000 மீட்டரில் 13 நிமிடம் 1 வினாடி என்று வைத்திருந்தார்கள். இந்த இலக்கை எட்டினால் அப்புறம் யாருடைய கணக்கையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரவீனும் குல்வீரும் பாருலும் இப்படித்தான் சீசன் தொடக்கத்திலேயே கவலை விட்டார்கள்.

இரண்டாவது வழி உலகத் தரவரிசை. ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். ஈட்டிக்கும் தாண்டுதல்களுக்கும் 36 பேர், 100 மீட்டருக்கு 48 பேர், 10,000 மீட்டருக்கு 27 பேர். இலக்கை எட்டியவர்கள் போக மீதமுள்ள இடங்களைத் தரவரிசைப்படி நிரப்புவார்கள். பாதிப் பேர் இலக்கு வழியாகவும் பாதிப் பேர் தரவரிசை வழியாகவும் வர வேண்டும் என்பது அமைப்பின் நோக்கம். அதனால்தான் இலக்குகளை அவ்வளவு கடினமாக வைக்கிறார்கள்.

தரவரிசை வழியாகப் போவதை ‘பின்வாசல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சர்வேஷ் குஷாரே உயரம் தாண்டுதலில் 2.33 மீட்டர் என்ற இலக்கை எட்டவில்லை, தரவரிசையில்தான் டோக்கியோ போனார். அங்கே இறுதிச் சுற்றுக்கு முன்னேறி, 2.28 மீட்டர் என்ற தன் வாழ்நாள் சிறந்த உயரத்தைத் தாண்டி ஆறாவது இடம் பிடித்தார். உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர்.

எந்தத் தேதியில் எட்டினாலும் செல்லுமா?

செல்லாது. டோக்கியோவுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் 2024 ஆகஸ்ட் 1 முதல் 2025 ஆகஸ்ட் 24 வரை எட்டியதுதான் கணக்கு. 10,000 மீட்டர், மாரத்தான், நடைப் போட்டி போன்றவற்றுக்கு இந்தக் காலம் இன்னும் நீளம், ஏனென்றால் அவற்றில் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் முழு வேகத்தில் போட்டியிட முடியும்.

அவினாஷ் சாப்லேயின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். ஸ்டீபிள்சேஸில் அவருடைய தேசிய சாதனை 8 நிமிடம் 9.91 வினாடி. 2024 ஜூலையில், உலகின் முன்னணி வீரர்களை அழைத்து நடத்தும் டைமண்ட் லீக் தொடரின் பாரிஸ் போட்டியில் ஓடியது. இலக்கான 8 நிமிடம் 15 வினாடியைவிட எவ்வளவோ மேல், ஆனால் கணக்கு தொடங்கும் தேதிக்கு முன்னால் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒலிம்பிக் இறுதியில் 8 நிமிடம் 14.18 வினாடியில் ஓடி பதினோராவது வந்தாரே, அந்த ஓட்டம்தான் டோக்கியோ தகுதியாகச் செல்லுபடியானது.

குல்வீர் 10,000 மீட்டரில் 0.22 வினாடியில் தவறவிட்டார் என்றார்கள். பிறகு எப்படி டோக்கியோவில் ஓடினார்?

2025 மார்ச் 29 அன்று கலிஃபோர்னியாவின் சான் வான் கேபிஸ்ட்ரானோவில் அவர் ஓடிய நேரம் 27 நிமிடம் 0.22 வினாடி. இலக்கு சரியாக 27 நிமிடம். இருபத்தைந்து சுற்று ஓடிவிட்டுக் கண் இமைக்கும் நேரத்தில் தவறவிடுவது கொடுமைதான். ஆனால் அந்த ஓட்டம் வீணாகவில்லை. அது அவருக்குத் தரவரிசையில் நிறையப் புள்ளிகளைக் கொடுத்தது. மே மாதம் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 10,000 மீட்டர் தங்கத்தையும் வென்றார். இரண்டும் சேர்ந்து தரவரிசை வழியாக அவரை உள்ளே கொண்டுபோயின.

டோக்கியோவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெப்பமும் புழுக்கமும் வாட்டிய அந்த இரவில் பிரான்ஸின் ஜிம்மி க்ரெசியே 28 நிமிடம் 55.77 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். உள்ளே நுழைவதற்கு 27 நிமிடம் கேட்ட போட்டியில் தங்கத்துக்கே கிட்டத்தட்ட 29 நிமிடம் போதுமானதாக இருந்தது. குல்வீர் பதினாறாவது வந்தார். சீசன் தொடக்கத்தில் வேகம் வைத்துக்கொடுக்கும் ஓட்டக்காரர்களோடு, குளிர்ந்த இரவில் ஓடும் ஓட்டம் ஒரு வகை. பதக்கத்துக்காக ஒருவரையொருவர் கண்காணித்தபடி ஓடி, கடைசிச் சுற்றில் பாயும் ஓட்டம் முற்றிலும் வேறு வகை.

ஆசிய சாம்பியன்ஷிப்பில் அவருடைய நேரம் மிக மெதுவாக இருந்ததே?

ஆமாம், குமியில் அவர் தங்கம் வென்ற நேரம் 28 நிமிடம் 38.63 வினாடி. மார்ச்சில் ஓடியதைவிட ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மெதுவு. சாம்பியன்ஷிப்பில் இடம்தான் முக்கியம், நேரம் அப்புறம். அங்கே 5,000 மீட்டரும் ஓட வேண்டியிருந்தது, அதிலும் தங்கம் வென்றார். நேரத்தை மட்டும் பார்த்து ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

தரவரிசைப் புள்ளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு வகைப் புள்ளிகள். ஒன்று, நீங்கள் ஓடிய நேரத்துக்கோ தாண்டிய தூரத்துக்கோ கிடைப்பது. இன்னொன்று, அந்தப் போட்டியில் பிடித்த இடத்துக்குக் கிடைப்பது. இடத்துக்கான புள்ளி போட்டியின் தரத்தைப் பொறுத்து மாறும். ஒலிம்பிக்கும் உலக சாம்பியன்ஷிப்பும் உச்சியில், அடுத்து டைமண்ட் லீக், கண்டச் சாம்பியன்ஷிப்கள், பிறகு தேசிய சாம்பியன்ஷிப், கீழே சின்னச் சின்னப் போட்டிகள். இப்படி வரும் மதிப்பெண்களில் சிறந்த சிலவற்றின் சராசரிதான் தரவரிசை. குறுந்தூர ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் ஐந்து போட்டிகள், 5,000 மீட்டருக்கும் ஸ்டீபிள்சேஸுக்கும் மூன்று, 10,000 மீட்டருக்கு இரண்டு.

ஒரே ஒரு நாள் அபாரமாகத் தாண்டினால் மட்டும் இந்தச் சராசரி ஏறாது. மார்ச்சிலிருந்தே நல்ல தரமான போட்டிகளில் திரும்பத் திரும்ப நல்ல இடம் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல். ஐரோப்பாவில் இருப்பவர் ரயில் ஏறி வாரம் ஒரு நல்ல போட்டிக்குப் போய்விடுவார். இங்கிருந்து போக விசா, விமானச் செலவு, அழைப்பு எல்லாம் வேண்டும். அனிமேஷ் குஜூர் தரவரிசை வழியாக 200 மீட்டரில் டோக்கியோ போனார் என்றால், குமியில் 20.32 வினாடி ஓடி வென்ற வெண்கலமும் அதற்குப் பின் ஐரோப்பாவில் ஓடிய ஓட்டங்களும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தப் பயணத்தில்தான் ஜூலையில் கிரீஸில் 100 மீட்டரை 10.18 வினாடியில் ஓடி, குரிந்தர்வீரின் சாதனையையும் முறியடித்தார்.

காற்று அதிகம் என்று சொல்லி முடிவை ஏன் ஒதுக்குகிறார்கள்?

100, 200 மீட்டர் ஓட்டங்கள், குறுந்தூரத் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் அந்த முடிவு சாதனைக்கும் சேராது, தகுதி இலக்குக்கும் சேராது. பதக்கம் மட்டும் உண்டு.

இதற்கு 2022 ஃபெடரேஷன் கோப்பையைவிட நல்ல உதாரணம் இல்லை. கேரளத்தின் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்தது. நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டி இரண்டாவது. ஆனால் தேசிய சாதனை எழுதப்பட்டது ஸ்ரீசங்கர் பெயரில். ஜெஸ்வின் தாண்டியபோது காற்று வினாடிக்கு 4.1 மீட்டர்.

தரவரிசையில் விதி கொஞ்சம் இரக்கமானது. அதிகக் காற்றில் வந்த முடிவையும் சேர்த்துக்கொள்வார்கள், புள்ளியைக் குறைத்துக்கொண்டு. எதிர்க்காற்றில் ஓடியிருந்தால் புள்ளி கூடும். ஆகவே முடிவுப் பட்டியலில் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கூட்டல் கழித்தல் எண்ணைப் பார்க்காமல் எதையும் கொண்டாடாதீர்கள், எதற்கும் கவலையும் படாதீர்கள்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் பிரமாதமாகத் தாண்டியவர்கள் பெரிய போட்டியில் ஏன் தடுமாறுகிறார்கள்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், மனசைச் சங்கடப்படுத்தும் கேள்வியும் இதுதான்.

ஜெஸ்வின் 2023 மார்ச் 2 அன்று கர்நாடகத்தின் விஜயநகரில் 8.42 மீட்டர் தாண்டினார். காற்றும் விதிக்குள் இருந்தது, புதிய தேசிய சாதனை. அந்த ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இறுதிச் சுற்றுக்கும் போனார். அங்கே தாண்டியது 7.77 மீட்டர், பதினோராவது இடம். அன்று வெண்கலம் 8.27 மீட்டருக்குக் கிடைத்தது. மார்ச்சில் தாண்டியதைத் திரும்பத் தாண்டியிருந்தால் பதக்கம் கழுத்தில் இருந்திருக்கும். பிரவீன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கொச்சியில் 17.37, டோக்கியோ தகுதிச் சுற்றில் 16.74. பன்னிரண்டு பேர் இறுதிக்குப் போகும் இடத்தில் பதினைந்தாவது. அங்கே வெண்கலம் வென்ற தூரம் 17.49 மீட்டர்.

இதை ‘பயந்துவிட்டார்கள்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். காரணங்கள் பல உண்டு. முதலாவது நாட்காட்டி. உள்நாட்டு சீசன் மார்ச்சில் தொடங்கி விடுகிறது. தகுதி பெறவும் அணியில் இடம் பிடிக்கவும் அப்போதே உச்சத்துக்கு வரவேண்டிய கட்டாயம். உடம்பை ஓர் உச்சத்துக்குக் கொண்டுவந்து, இறக்கி, ஐந்து மாதம் கழித்து மறுபடி ஏற்றுவது உலகத்தின் சிறந்த பயிற்சியாளர்களுக்கே கடினம். மும்முறைத் தாண்டுதலில் ஒவ்வொரு தாவலும் கணுக்காலிலும் முழங்காலிலும் உடல் எடையைப் போல் பல மடங்கு பாரத்தை இறக்குகிறது. ஏப்ரலில் முழு வேகத்தில் தாண்டியவர் செப்டம்பரிலும் அதே காலோடு வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, தகுதிச் சுற்று என்ற தனிக்கலை. உள்நாட்டுப் போட்டியில் ஆறு வாய்ப்பு இருக்கும். நான்காவது, ஐந்தாவது தாவலில் ஓட்டத்தின் அளவு சரியாக அமைந்து பெரிய தூரம் வரும். உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் மூன்றே வாய்ப்பு. முதல் தாவலில் கால் கோட்டைத் தாண்டி அது செல்லாமல் போய்விட்டால், இரண்டாவதில் எச்சரிக்கையாக ஓடத் தோன்றும், வேகம் குறையும். உயர்ந்த தரத்தில் இந்த மூன்று தாவல்களைப் பழகிக்கொள்ள ஒரே வழி, டைமண்ட் லீக் மாதிரியான இடங்களில் அடிக்கடி தாண்டுவது. அதற்கு நம்மவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. தகுதி இலக்கை எட்டிய கையோடு ஒரு வீரரை ஐரோப்பாவுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் பெரிய போட்டிகளில் தாண்ட வைப்பதுதான் நியாயமான முதலீடு என்பது என் கருத்து.

அப்படியானால் நீரஜ் 90.23 எறிந்த பிறகு டோக்கியோவில் எட்டாவது வந்தது?

நீரஜுக்கு அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 26 போட்டிகள் தொடர்ந்து முதல் இரண்டு இடங்களுக்குள் முடித்தவர் அவர். டோக்கியோவில் 84.03 மீட்டர் எறிந்து எட்டாவது வந்தார், முதுகு வலியோடு எறிந்தார். தோஹாவில் அன்றிரவு அவரை 91.06 மீட்டர் எறிந்து முந்திய ஜூலியன் வெபர், ஆகஸ்டில் சூரிச்சில் 91.51 மீட்டரும் எறிந்திருந்தார். அவரும் டோக்கியோவில் 86.11 மீட்டரோடு ஐந்தாவதுதான். ஒலிம்பிக் சாம்பியன் அர்ஷத் நதீம் பத்தாவது. தங்கம் வென்றவர் டிரினிடாட்டின் கெஷார்ன் வால்காட், 88.16 மீட்டர்.

அதே இறுதியில் நம் சச்சின் யாதவ் 86.27 மீட்டர் எறிந்து நான்காவது வந்தார். அவர் வாழ்நாளில் எறிந்த அதிகபட்ச தூரம் அது, வெண்கலத்துக்கு 40 சென்டிமீட்டர்தான் குறைவு. இலங்கையின் ருமேஷ் தரங்க பத்திரகேயும் நீரஜுக்கு முன்னால் முடித்தார். மே மாதப் பட்டியலை வைத்து இந்த வரிசையை யாராலும் எழுதியிருக்க முடியாது.

ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தானே? ஈட்டியில் இந்தியாவிலிருந்து நான்கு பேர் எப்படிப் போனார்கள்?

வழக்கமாக மூன்றுதான். ஆனால் நடப்பு உலக சாம்பியனுக்குத் தனி இடம் உண்டு. நீரஜ் 2023-இல் புடாபெஸ்டில் தங்கம் வென்றதால் அந்த இடம் அவருக்கு. அதனால் சச்சின் யாதவ், யஷ்வீர் சிங், ரோஹித் யாதவ் மூவரும் சேர்ந்து போக முடிந்தது.

தமிழ்நாட்டு ஓட்டக்காரர்களின் நிலை என்ன?

400 மீட்டரில் நம்பிக்கை அதிகம். குமியில் கலப்பு 4 x 400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியா 3 நிமிடம் 18.12 வினாடியில் தங்கம் வென்றது. ரூபல் சௌத்ரியோடு ஓடிய மற்ற மூவரும் நம்மவர்கள்: சந்தோஷ் குமார், விஷால், சுபா வெங்கடேசன். அப்புறம் ஆகஸ்டில், தகுதிக் காலம் முடியும் அதே வாரத்தில், சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் விஷால் 400 மீட்டரை 45.12 வினாடியில் ஓடினார். முகமது அனஸின் 45.21 வினாடி சாதனை உடைந்தது. டோக்கியோ இலக்கு 44.85 வினாடி. இன்னும் 0.27 வினாடி. 400 மீட்டரில் அது சின்ன இடைவெளி இல்லை, ஆனால் ஒரு நல்ல குளிர்காலப் பயிற்சியில் எட்டக்கூடியதுதான்.

பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் கோவையின் வித்யா ராம்ராஜ் 2023-இல் பி.டி. உஷாவின் 55.42 வினாடியைச் சமன் செய்தவர். உஷா அதை ஓடியது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸில். குமியில் வித்யா 56.46 வினாடியில் வெண்கலம் வென்றார். டோக்கியோ இலக்கு 54.65, அதாவது தேசிய சாதனையைவிடவே வேகமாக ஓட வேண்டும். அவருக்குத் தரவரிசைதான் யதார்த்தமான வழி.

தகுதி பெற்றுவிட்டால் சீசனை மெதுவாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முழுதாக ஒதுங்க முடியாது. பெரிய போட்டிகளில் ஓடாவிட்டால் கூர்மை போய்விடும். ஓடினால் காயத்தின் அபாயம். சாப்லே தகுதியைக் கையில் வைத்திருந்தார், குமியில் 8 நிமிடம் 20.92 வினாடியில் தங்கமும் வென்றிருந்தார். ஜூலை 11 அன்று மொனாக்கோவில் தண்ணீர்த் தடையில் விழுந்தார், முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை. டோக்கியோவுக்குப் போகவே முடியவில்லை.

காமன்வெல்த், ஆசிய விளையாட்டுகளுக்கும் இதே விதிகள்தானா?

இல்லை. 2026 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரையான கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கும், செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரையான ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுக்கும் இந்தியத் தடகளச் சம்மேளனம் தனியாகத் தகுதி அளவுகளை வைத்து, குறிப்பிட்ட உள்நாட்டுப் போட்டிகளைத் தேர்வுக் களமாக அறிவிக்கிறது. ஆசிய விளையாட்டில் ஒரு தனிநபர் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான். ஈட்டி, மும்முறைத் தாண்டுதல் போன்ற பிரிவுகளில் தகுதி அளவை எட்டுவதைவிட நம் நாட்டுக்குள் முதல் இரண்டு இடங்களுக்குள் வருவது கடினம். எனவே அத்தகைய சீசன்களில் உள்நாட்டுத் தேர்வுப் போட்டிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த உலக சாம்பியன்ஷிப் 2027 செப்டம்பரில் பெய்ஜிங்கில்.

ஒரு சீசன் தொடக்க முடிவைப் பார்த்தால் முதலில் எதைக் கவனிப்பது?

நான் பார்க்கும் வரிசை இது: காற்று அளவு, எந்தத் தரத்துப் போட்டி, யாருடன் போட்டியிட்டார், எத்தனையாவது வாய்ப்பில் வந்தது. கடைசியாகத்தான் தூரமோ நேரமோ. அப்புறம் அவருடைய அடுத்த மூன்று போட்டிகளைக் குறித்துவைத்துக்கொள்வேன். ஏப்ரலில் 17.37 தாண்டியவர் ஜூனிலும் ஜூலையிலும் வெளிநாட்டில் 17 மீட்டருக்கு மேல் இரண்டு மூன்று முறை தாண்டினால், செப்டம்பர் தகுதிச் சுற்றன்று அலாரம் வைத்து எழுந்து நேரலையைப் பார்ப்பேன்.